பாதி மாத்திரையும் இனிப்பு மருந்தும்

தை 5, ஞாயிறு

முதலில் பிள்ளைகள் விவரத்தை எழுதிவிடுகிறேன். நல்லதில் தொடங்கினால் டைரி நல்லபடியாகப் போகும்.

மகள் வள்ளிநாயகி பம்பாயில் இருக்கிறாள். அவளுடைய மூத்தவன் கார்த்தீசனுக்குப் பூனாவில் பெரிய கம்பெனியில் வேலை. அவனுக்குக் கீழே பன்னிரண்டு பேர், அதில் இரண்டு பேர் வெள்ளைக்காரர்கள். தங்க எழுத்துப் போட்ட இந்த டைரி அவன் கம்பெனி கொடுத்ததுதான். அதில் இங்கிலீஷ் தேதி அச்சடித்திருக்கிறது. நான் அதைப் பார்ப்பதில்லை, தமிழ்த் தேதி எழுதிக்கொள்கிறேன். கார்த்தீசனின் மகள் ஒன்பதாம் மாதமே எழுந்து நடந்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் அப்படி நடந்ததில்லை. வள்ளிநாயகியின் இரண்டாமவன் சேர்மத்துரை கபடி விளையாடியே ரயில்வே வேலைக்குப் போனவன். விளையாடிக் கெட்டுப்போகிறான் என்று சொன்ன வாத்தியார் இப்போது அவனிடம்தான் டிக்கெட்டுக்குச் சொல்லி வைக்கிறார்.

மகன் கோமதிநாயகத்துக்கு ஒரே மகள், சங்கரேஸ்வரி. கோயம்புத்தூரில் விவசாயப் படிப்பு. பூச்சி அரிக்காத பயிர் எப்படி வளர்ப்பது என்று படித்திருக்கிறாள். வருகிற தை பதினேழு, வெள்ளிக்கிழமை, மேடையில் ஏறிப் பட்டமும் தங்கப் பதக்கமும் வாங்கப் போகிறாள். எங்கள் தெருவில் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பதக்கம் வாங்கியவர் யாரும் இல்லை. நன்றாக விசாரித்துவிட்டேன்.

ஆவுடையம்மாளாகிய நான் ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது, அதனால் போகவில்லை. ஆனால் அஞ்சாப்பில் என் கையெழுத்துதான் கரும்பலகையில் இருக்கும்.

மருமகள் வடிவு. அவளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிறாள்.

தை 7, செவ்வாய்

ஜெபசெல்வி சிஸ்டர் வந்தாள். செவ்வாய்க்கிழமைதோறும் ஸ்கூட்டரில் வந்து, வீட்டிலேயே கிடக்கிற என்னைப் போன்றவர்களைப் பார்த்துவிட்டுப் போகிற நர்ஸ். என் காலை அமுக்கிப் பார்த்தாள். விரல் பதிந்த பள்ளம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. வயிற்றை டேப் வைத்து அளந்தாள். கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

எனக்கு ஈரல் சுருங்கிவிட்டது. முதுகெலும்பு இரண்டு இடத்தில் நொறுங்கியிருக்கிறது. முதுகு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தின்ற மாத்திரையில்தான் போன வருஷம் ரத்தமாக வாந்தி எடுத்தேன். ஆஸ்பத்திரியில் கொண்டு போட்ட பிறகுதான் ஈரல் கெட்டிருப்பதே தெரிந்தது. இனிமேல் அந்த மாத்திரைகளைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் எனக்கு மார்பின் மாத்திரை. காலையில் பாதி, ராத்திரி பாதி. என் ஈரலுக்கு அதற்கு மேல் தாங்காதாம்.

அந்த மாத்திரை வயிற்றைக் கட்டும். அதற்கு ஒரு இனிப்பு மருந்து, பாகு மாதிரி இருக்கும். மூன்று வேளையும் அதைக் குடித்து, தினமும் இரண்டு மூன்று தடவை வெளிக்குப் போயாக வேண்டும்.

"ஆச்சி, பாதி மாத்திர வலிக்கு. இனிப்பு மருந்து தலைக்கு. ரெண்டுல எத விட்டாலும் ஆகாது" என்றாள் சிஸ்டர்.

"தலைக்கு எதுக்குட்டி மருந்து? என் தலைக்கு என்ன? வாய்ப்பாடு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

பதினாறாம் வாய்ப்பாடு சொன்னேன். சிஸ்டர் வாயைப் பிளந்துவிட்டாள். வடிவு அடுப்படியில் நின்று சிரித்தது கேட்டது.

கோயம்புத்தூர் போகலாமா என்று கேட்டேன். டாக்டரிடம் போனில் பேசினாள். படுத்துக்கொண்டே போகிற மாதிரி வண்டி இருந்தால் போகலாம், மருந்து எதையும் நிறுத்தக் கூடாது என்றார்களாம். இந்த வாரம் வலி இல்லை.

தை 8, புதன்

எழுத முடியவில்லை. வலி இல்லை. சும்மா படுத்திருந்தேன்.

தை 10, வெள்ளி

நாயகம் வேன் பேசிவிட்டான். பின் சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டுத் தருவார்களாம். வியாழக்கிழமை ராத்திரி கிளம்பினால் விடியப் போய்ச் சேரலாம். மண்டபத்தில் சக்கர நாற்காலி உண்டு என்று சங்கரேஸ்வரி சொல்லியிருக்கிறாள். என் பேத்தி பதக்கம் வாங்குவதை நான் சக்கரத்தில் போய்ப் பார்க்கப் போகிறேன்.

நாயகம் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறான். சாமத்தில் போனால் மத்தியானம்தான் வருவான். இன்று வரும்போது தலைக்குச் சாயம் பூசி, மீசையை ஒதுக்கி, பத்து வயது குறைந்து வந்து நின்றான்.

"எவாளப் பொண்ணு பாக்கப் போற?" என்று கேட்டேன்.

"சும்மா இரும்மா. நாலு பெரிய மனுசன் வருத எடம்" என்றான். வெட்கம் வேறு.

எதிர்வீட்டு உலகம்மாள் வந்து அரை மணி நேரம் இருந்தாள். போகும்போது குரலைத் தணித்து, "ஆமா மதினி, இந்த ஈரல் நோவு குடிக்கவங்களுக்குத்தான வரும்னு சொல்லுதாவ?" என்று கேட்டாள்.

"ஆமா, தினமும் ராத்திரி நானும் உன் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் குடிக்கோம். உனக்குத் தெரியாதா?" என்றேன்.

வடிவு தையல் மிஷினை விட்டு எழுந்து உள்ளே ஓடிவிட்டாள். உலகம்மாள் போன பிறகு வந்து என் வாயில் ஒரு ஆரஞ்சுச் சுளையை வைத்தாள். உப்பில்லாத சாப்பாட்டில் செத்துப்போன நாக்குக்கு அது நன்றாக இருந்தது.

தை 12, ஞாயிறு

காலையில் ஒரு பேச்சு நடந்தது.

நான் குளித்துவிட்டு வரும்போது பாத்ரூம் வாசலில் கால் மடங்கிவிட்டது. விழவில்லை. வடிவு பிடித்துக்கொண்டாள். நாயகம் பார்த்துவிட்டான். "இந்த லெச்சணத்துல எட்டு மணி நேரம் வண்டியில எப்பிடி வருவா?" என்று அவளிடம் கேட்டான், நான் அங்கே இல்லாத மாதிரி.

"அத்த வரலன்னா நானும் வரல. நீங்க போயி பாத்துட்டு வாங்க" என்றாள் வடிவு.

"நீ வராம எப்பிடி?"

"அப்ப அத்தைய யாரு பாக்க? வெளிக்குப் போவ யாரு கூட்டிட்டுப் போவா? ராத்திரி மாத்திரைய யாரு எடுத்துக் குடுப்பா?"

அவள் சொன்னது நியாயம்தானே. பெண்பிள்ளை நான் ஒருத்தி பம்பாயில் வைத்திருக்கிறேன், அவள் மருமகள் இப்போது மறுபடி மாசமாக இருக்கிறாள், வர முடியாது.

வடிவு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் விழாவுக்குக் கட்ட வைத்திருந்த பச்சைப் பட்டுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு முன்னாலேயே தொடங்கியது. இரண்டு தடவை கையைப் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். ஊருக்கெல்லாம் ஒரே நாளில் தைத்துக் கொடுக்கிறவள். இன்று மிஷின் சத்தம் கேட்கவில்லை.

எனக்கு சங்கரேஸ்வரி பதக்கம் வாங்குவதைப் பார்க்க வேண்டும். எனக்காகத்தான் நான் போகிறேன். எப்படியும் போய்த்தான் ஆக வேண்டும்.

தை 13, திங்கள்

இன்று முதல் இனிப்பு மருந்து கிடையாது.

ஊருக்குக் கிளம்பும் முன்னால் வயிற்றைக் காயப்போடுவது எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் புதிதல்ல. என் அம்மா திருச்செந்தூர் போவதென்றால் முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் தொட மாட்டாள். பஸ்ஸில் எங்கே இறங்குவது, யாரிடம் சொல்லுவது? ஆம்பிளைகள் மரத்தைப் பார்த்தால் இறங்கிவிடுவார்கள். இந்த மருந்தைக் குடித்துவிட்டு நான் வேனில் ஏறினால், கோயம்புத்தூர் போய்ச் சேருவதற்குள் ஐந்து தடவை வண்டியை நிறுத்த வேண்டும். அறிமுகமில்லாத டிரைவர் வேறு. ஒவ்வொரு தடவையும் வடிவு என்னைத் தூக்கி இறக்க வேண்டும். அதை நினைத்தே நாயகம் என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவான்.

வடிவு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். "வச்சிட்டுப் போ, குடிக்கேன்" என்றேன். ஜன்னலுக்கு வெளியே செம்பருத்திக்குக் கொடுத்தேன். திரும்பி வந்ததும் பதக்கம் வாங்கினவள் கையாலேயே குடித்துக்கொள்கிறேன்.

மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டேன். அதை விட முடியாது. விட்டுப் பார்த்திருக்கிறேன்.

தை 14, செவ்வாய்

சிஸ்டர் வந்தாள். "நேத்து எத்தன தடவ போனிய ஆச்சி?" என்று கேட்டாள். நாயகம் கதவருகில் நின்றான். மகனை வைத்துக்கொண்டு இதை எல்லாம் கேட்கலாமா?

"போனேன், போனேன்" என்றேன்.

"வடிவக்கா?"

"போயாச்சின்னு சொன்னாவ" என்றாள் வடிவு. பாவம், நான் சொன்னதைத்தானே சொல்வாள்.

சிஸ்டர் என் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களை மேலே மடக்கச் சொன்னாள். கை லேசாக அடித்துக்கொண்டது. "குளுரா இருக்கு" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். இந்த நேரத்தில் தலை சரியில்லை என்று எழுதினால் மாத்திரையைக் குறைத்துவிடுவார்கள். அப்புறம் நான் எப்படி உட்கார்ந்து போவது? வாய்ப்பாடு கேட்கிறாயா என்றேன். பன்னிரண்டாம் வாய்ப்பாடு சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன்.

பகலெல்லாம் தூக்கமாக வருகிறது. நல்லதுதான், வண்டியில் தூங்கிக்கொண்டே போய்விடலாம். வடிவு ரவிக்கைக்குக் கொக்கி தைக்கிறாள்.

தை 15 வியாழன் புதன்

வேன் வந்துவிட்டது யாரும் ஏற மாட்டேன் என்கிறார்கள். வள்ளிநாயகிக்குச் சடை பின்ன வேண்டும் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு சீப்பைக் காணோம். அவர் மார்க்கெட்டில் இருந்து வந்து வாசலில் நிற்கிறார் காலைக் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். சீப்பு காணோம். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கிறாள். நல்ல பெண். நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்டேன் அழுகிறாள். சாப்பிட்டாளோ என்னவோ. யாராவது அவளுக்குச் சோறு போடுங்கள். சீப்பு

தை 16

தண்ணீர் குடித்தேன். வெளிச்சமாக இருக்கிறது.

தை 17, வெள்ளி

இன்று நிறைய எழுத வேண்டும். இரண்டு நாளாக நடந்ததை நாயகம் சொல்லிச் சொல்லித்தான் கேட்டுக்கொண்டேன். முந்தின பக்கத்தை வாசித்துப் பார்த்தேன். என் கையெழுத்து போலவே இல்லை. கிழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

புதன்கிழமை மத்தியானம் நான் காப்பியைத் தரையில் ஊற்றிக் கோலம் போட்டேனாம். ராத்திரி முழுக்கத் தூங்காமல் சீப்பு தேடினேனாம். என் வீட்டுக்காரர் போய் வருஷம் பதினொன்று ஆகிறது, அவருக்கு இலை போடச் சொன்னேனாம். நாயகம் பயந்துபோய், "எல்லாம் இந்தப் போத மாத்திரையாலதான்" என்று மாத்திரை டப்பாவை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ராத்திரி மாத்திரை தரவில்லை. நான் வலியில் முனங்கிக்கொண்டே சீப்பும் தேடியிருக்கிறேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் வடிவு சிஸ்டருக்குப் போன் பண்ணினாள். அவள் வந்து என் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாளாம்.

"கடைசியா ஆச்சி எப்பம் வெளிக்குப் போனாவ? யாராவது கண்ணால பாத்தியளா?"

யாரும் பார்க்கவில்லை.

"மாத்திரைய நிறுத்திட்டேன் சிஸ்டர். இனி அந்தச் சனியன் வேண்டாம்" என்றான் நாயகம்.

"அண்ணாச்சி, டப்பாவக் குடுங்க மொதல்ல. மாத்திர வயித்தக் கட்டும், அது நெசம். அதுக்குத்தான அந்த மருந்து. நல்ல ஈரல்னா வயித்துல தங்குத விசத்த அது சுத்தம் பண்ணிரும். ஆச்சி ஈரலுக்கு அதுக்குத் தெம்பில்ல. அப்ப அது நேரா தலைக்குத்தான் ஏறும். வலியில கெடந்தா இன்னும் மோசமா ஆவும்."

அதற்குள் வடிவு ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டாள். செம்பருத்திச் செடியில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. பாகு அல்லவா.

அவள் என்னைத் திட்டவே இல்லையாம். "கோயம்புத்தூர் போவணும்னு செஞ்சிருக்காவ" என்று மட்டும் சொன்னாளாம்.

அப்புறம் நடந்ததை எழுத வேண்டாம். சிஸ்டர் டாக்டரிடம் கேட்டு எனிமா கொடுத்தாள், பிறகு மருந்து, பிறகு மறுபடி மருந்து. வடிவு மூன்று சேலை அலசினாள். மாத்திரையை டாக்டர் இப்போதைக்கு இன்னும் குறைத்திருக்கிறார், காலில் ஒரு பாதி மட்டும். காலையில் என்று எழுத வந்தேன், காலில் என்று எழுதிவிட்டேன். இப்போதுதான் கவனித்தேன். இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது போலிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டி வருமோ என்று சாயங்காலம் வரை பார்க்கலாம் என்றார்களாம். மூன்று மணிக்கு மேல் நான் வடிவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அதன் பிறகு நடந்தது எல்லாம் எனக்கே ஞாபகம் இருக்கிறது.

வடிவு பெட்டியைத் திறந்து வைத்து, உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்து பீரோவில் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். பச்சைப் பட்டு, புது ரவிக்கை, பவுடர் டப்பா. ரவிக்கையை உதறி, மடித்து, கையால் ஒரு தடவை தடவினாள். நாயகம் அவனுடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். வேன் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அவன் மட்டும் ராத்திரி பஸ்ஸில் போவதாக ஏற்பாடு.

அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். நான் கூடப் போக வேண்டும், இல்லாவிட்டால் வடிவு இருக்க வேண்டும். இந்த வீட்டில் இத்தனை நாளும் இந்த இரண்டைத்தான் மாற்றி மாற்றிப் பேசினோம். மூன்றாவதாக ஒரு வழி கையில் இஸ்திரிப் பெட்டியோடு எதிரிலேயே நிற்கிறது.

"ஏல நாயகம், நீ இரி. அவா போவட்டும்" என்றேன்.

மறுபடி தலை தடுமாறுகிறது என்று நினைத்துவிட்டான். கிட்ட வந்து, "எம்மா, நான் யாரு சொல்லு?" என்றான்.

"நீ நான் பெத்த முட்டாப்பய. சட்டை கருகுது பாரு."

ஓடிப்போய் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினான். பிறகு அங்கேயே நின்று, "நான் எப்பிடிம்மா? உனக்கு... அதெல்லாம்... பொம்பளையாளு வேண்டாமா?" என்றான்.

"எனக்கு மட்டும் ஆசையாக்கும்? கண்ண மூடிக்கிடுதேன். நீயும் மூடிக்க."

வடிவு, "வேண்டாம் அத்தே. அவுகளுக்கு மக மேடையேறுதத பாக்கணும்னு எவ்வளவு..." என்று தொடங்கி, அவன் சாயம் பூசின தலையைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாள். அப்புறம், "நான் தனியா எப்பிடிப் போவேன்? ராசபாளையம் தாண்டி ஒத்தையில போனதில்லையே" என்றாள்.

"உன் மக நாலு வருசம் போய்ட்டு வந்த ரோடுதான. வண்டி நேரா போவும். வளைஞ்சா டிரைவர் பாத்துக்கிடுவான்."

நாயகம் இஸ்திரிப் பெட்டியை அணைத்தான். பீரோவைத் திறந்து அந்தப் பச்சைப் பட்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான். மடிப்பு கலைந்துவிட்டது. வடிவு எடுத்து மறுபடி மடித்து வைத்தாள். "வீடியோ போன் எப்பிடிப் போடணும்னு காட்டித் தாரேன், வா" என்றான்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தான். மார்க்கெட்டிலிருந்து கொண்டுவந்த பிச்சிப்பூவைச் சேர்த்துக் கட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்பினானாம். அம்மாளுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று.

இன்று காலையில் அவன்தான் எனக்கு மருந்து ஊற்றினான். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு நகரவே இல்லை. "குடிச்சி முடி. செம்பருத்திக்குச் சக்கர வியாதி வந்துரும்" என்றான். குடித்தேன்.

அது வேலை செய்யத் தொடங்கியது. என்னைத் தாங்கிக் கூட்டிப்போய் உள்ளே விட்டுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு கதவைச் சாத்தினான். உடனே மோட்டார் ஓடுகிற சத்தம். தண்ணீர்த் தொட்டி நிறைந்துதான் இருந்தது. எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று, சத்தம் கேட்காமல் இருக்க மோட்டாரைப் போட்டிருக்கிறான். இரண்டாம் தடவையும் போட்டான். மாடியிலிருந்து தண்ணீர் அருவி மாதிரி தெருவில் கொட்டியது.

"ஏய் நாயகம், என்ன குத்தாலமா திறந்திருக்க?" என்று உலகம்மாள் கத்தினாள்.

"சீசன் அத்தே, வந்து குளிங்க" என்றான்.

உள்ளே உட்கார்ந்துகொண்டு சிரித்தேன். சிரித்தால் முதுகில் கத்தி செருகுகிற மாதிரி வலிக்கிறது. இருந்தாலும் சிரித்தேன்.

பதினோரு மணிக்கு வடிவு வீடியோ போட்டாள். முதலில் மின்விசிறி தெரிந்தது. பிறகு யாரோ ஒருவரின் வழுக்கைத் தலை. அதுவே வெகு நேரம். "தூக்கிப் பிடிட்டி, தூக்கிப் பிடி" என்று நாயகம் கத்துகிறான், அவளுக்குக் கேட்கவில்லை. பெயர்களை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு வயிறு அழைத்தது.

அடக்கிப் பார்த்தேன். முகத்தைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"இரிடா, கேட்டுட்டுப் போவோம்" என்றேன்.

"வாம்மா" என்று என் இடுப்பைச் சுற்றிக் கை கொடுத்துத் தூக்கினான். போனைக் கட்டில் மேலேயே, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு வந்தான். என்னை உட்கார வைத்தான். கதவை முழுக்கச் சாத்தாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான். அந்தத் தடவை மட்டும் அவன் மோட்டாரைப் போடவில்லை.

நானும் போடச் சொல்லவில்லை. வர வேண்டிய சத்தம் எல்லாம் வந்தது. அதற்கு நடுவில், முன் அறையிலிருந்து, மைக்கில், கோ. சங்கரேஸ்வரி, தங்கப் பதக்கம். அப்புறம் கைதட்டு. கைதட்டுக்கு மேலே ஒரு பெண் குரல், "எம்மாடி! எம்மாடி!" என்று. வடிவு அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"கேட்டுச்சாம்மா?" என்றான் கதவுக்கு வெளியே.

"கேட்டுச்சு."

"நல்லாக் கேட்டுச்சுல்லா?"

"நல்லாக் கேட்டுச்சுடா."

தண்ணீர் ஊற்ற அவன்தான் உள்ளே வந்தான். கண்ணை மூடிக்கொள்ளவில்லை, நானும் மூடவில்லை. அவன் முகமெல்லாம் ஈரமாக இருந்தது. மீசையில் பூசின சாயம் உதட்டுக்கு இறங்கியிருந்தது. என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

வலி இருக்கிறது. குறைத்த மாத்திரை பற்றவில்லை. சிஸ்டரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

தை 19, ஞாயிறு

நேற்று வடிவு வந்துவிட்டாள். வந்ததிலிருந்து வாய் மூடவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் திருப்பூரில் பனியன் தைக்கிறவளாம், இரண்டு பேரும் விடிய விடியக் கழுத்துப் பட்டை வெட்டுவதைப் பற்றியே பேசினார்களாம். மண்டபத்துக் குளிரில் பல் கிட்டியதாம். சங்கரேஸ்வரியின் வாத்தியாரம்மா வந்து, "நீங்கதான் அம்மாவா?" என்று கையைப் பிடித்தாளாம்.

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னு சொன்னேன் அத்தே. வேற என்ன சொல்லணும்?"

அதையே மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் கேட்டேன்.

பிறகு, நாயகம் குளிக்கப் போன நேரத்தில், கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இனிமே ஜன்னலுக்கு ஊத்தாதிய அத்தே. வேணாம்னா என்கிட்ட சொல்லுங்க, சண்ட போடுவோம்" என்றாள்.

"சரி" என்றேன்.

தை 21, செவ்வாய்

சிஸ்டர் வந்தாள். எத்தனை தடவை என்று கேட்டாள். நாயகம் பக்கத்திலேயே நின்றான். "மூணு" என்றேன். அதற்கு ஏதோ பரிசு வாங்கின மாதிரி கையைத் தட்டினாள். வலி எப்படி என்றாள். ராத்திரியில் திரும்பிப் படுக்க முடியவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறேன் என்று சொன்னேன். வடிவு என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதுவரை நான் அப்படிச் சொன்னதில்லை. டாக்டரிடம் பேசி, ராத்திரிக்குக் கால் மாத்திரை சேர்த்திருக்கிறார்கள். மருந்து ஒழுங்காகப் போனால் மறுபடி பாதி தருவார்களாம். ஈரல் சரியாகுமா என்று கேட்டேன். சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சரியாகும் என்று சொல்லவில்லை. தலை தடுமாற்றம் மறுபடி வருமா என்று கேட்டேன். "வரலாம் ஆச்சி. வந்தா ஒடனே பாத்துக்கிடலாம்" என்றாள்.

தை 26, ஞாயிறு

சங்கரேஸ்வரிக்கு,

ஆச்சி எழுதுவது. உன் அப்பா இந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். எழுத்து நேராக இருக்கிறதா பார். இப்போது முதுகு பரவாயில்லை. நீ பயப்படாதே.

நீ அனுப்பின போட்டோ எல்லாம் பார்த்தேன். நீ மேடையில் நிற்பது, பதக்கத்தோடு நிற்பது, தோழிகளோடு தொப்பியை மேலே எறிவது எல்லாம் நன்றாக இருக்கிறது. உலகம்மாளை உட்கார வைத்து இரண்டு தடவை காட்டினேன். ஆனால் உன் அம்மா ஒன்றிலும் சரியாக இல்லை. பாதியை அவளே எடுத்தது, அதில் அவள் விரல்தான் இருக்கிறது. உன் தோழி எடுத்ததில் உன் பக்கத்தில் நிற்கிறாள், பாதி முகம் வெட்டுப்பட்டிருக்கிறது, கண்ணும் மூடியிருக்கிறது.

எனக்குத் தலை சரியில்லாமல் போன அன்று அவளைப் பார்த்து நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்டிருக்கிறேன். அது மறுபடியும் வரலாமாம். வந்தால் நான் யாரை மறந்தாலும் மறந்துவிட்டுப் போகிறேன். கார்த்தீசனுக்குப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். உனக்குப் பதக்கம் இருக்கிறது. என் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், நான் கண் விழித்தால் முதலில் படுகிற இடத்தில் ஒரு ஆணி அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மாசி முதல் வாரம் உன்னைப் பார்க்க உன் அம்மா மறுபடி அங்கே வருகிறாள். உன் அப்பா இங்கே இருப்பான், மோட்டார் அவன் பொறுப்பு. அவளைப் பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்பாள், விடாதே. நல்ல ஸ்டுடியோவாகப் பார்த்துக் கூட்டிப்போ. முழு முகமும் தெரிய வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும். நீ பக்கத்தில் நின்றாலும் சரி, நிற்காவிட்டாலும் சரி. பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் வடிவு, என் மருமகள் என்று எழுதிவிடு. இல்லை, முன்பக்கத்திலேயே எழுது.

போனில் அனுப்பினால் எனக்கு ஆகாது. கழுவி, அட்டை வைத்து, மடங்காமல் தபாலில் அனுப்பு.